அக்காகிட்ட மூச்சு விடாதே

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு உலகம் தெளிவாகத் தெரிவதற்கு நானே காரணம் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்போடு ஒரு நாள் காலையில் கடற்கரைக்குப் போய், கையில் எடுத்தது இன்னதென்று தெரியாமலே எடுத்து, சட்டைப்பையில் வேறு போட்டுக்கொண்டேன். இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்கு என் புத்தி காரணமில்லை. நாலு பேர் காரணம். நாலு பேர் என்றதும் தூக்கிக்கொண்டு போகிற நாலு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்க விடாமல் பார்த்துக்கொண்ட நாலு பேர்.

முதல் ஆள் என் மனைவி. பொது நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். குளத்தின் அந்தக் கோடியில் முங்கியிருப்பவனுக்கும் கேட்கிற குரல் இருக்கும்போது விசில் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஊருக்கெல்லாம் அவள் நீச்சல் கற்றுக்கொடுத்தாள். எனக்கு மட்டும் வரவில்லை. "உடம்ப விறைச்சுக்காதீங்க, தளர விடுங்க, தண்ணி தாங்கும்" என்பாள். நான் தளர விட்ட அடுத்த கணம் தண்ணீரும் என்னைக் கைவிட்டுவிடும்.

இரண்டாவது ஆள் அவள் தம்பி, என் மச்சான். நாற்பதைத் தாண்டியவன். என் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவன் வேலை. கைவேலை அத்தனை சுத்தம். வாய்தான் அடங்காது. அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவனிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும் தெருமுனையில் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான். மைக்குக்காவது மின்சாரம் வேண்டும்.

மற்ற இரண்டு பேரும் போகப் போக வருவார்கள்.

கடையின் முகப்புப் பெட்டியில் ஃபிரேம்களைச் சங்குகளுக்கு மாட்டி வைப்பது என் கண்டுபிடிப்பு. பெரிய சங்கு ஒன்றுக்குக் கறுப்பு ஃபிரேமை மாட்டிவிட்டால், ஓய்வுபெற்ற மேலதிகாரி மாதிரி தெருவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். சிரித்தவர்களில் சிலர் உள்ளே வருவார்கள். என் வியாபாரத் தந்திரம் மொத்தமும் அவ்வளவுதான். இதில் ஒரு தடவை சறுக்கிவிட்டது. காலி என்று நம்பி நான் கொண்டுவந்து வைத்த சங்குக்குள் ஆள் இருந்திருக்கிறது. அது உள்ளேயே செத்து, ஊறி, நாறி, மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். கடையைக் கழுவியவள் என் மனைவி. கழுவி முடித்துவிட்டு உத்தரவு போட்டாள்.

"இனிமே ஒரு சங்கு இந்த வாசப்படிய மிதிச்சுது, அப்புறம் நீங்க மிதிக்க மாட்டீங்க."

சங்கு எப்படி மிதிக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்காவது தேறியிருக்கிறேன்.

அன்று காலை கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. நானும் ரேடியோவும் கடை திறப்பதற்கு முன் நடக்கப் போனோம். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். ஒரு குட்டையில், மணலில் பாதி புதைந்தபடி அது கிடந்தது. உள்ளங்கை நீளம். ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி மறுபக்கம் கூம்பாக முடிகிற ஓடு. பால் நிறத்தின் மேல் பழுப்பில் வலை வலையாகக் கோடுகள். பொறுமைசாலி ஒருவன் உட்கார்ந்து தேசப்படம் வரைந்த மாதிரி. தங்க நிற ஃபிரேம் ஒன்றை அதன் மேல் வைத்தால் எப்படி இருக்கும் என்று மனம் அப்போதே மாட்டிப் பார்த்துவிட்டது.

"அத்தான், உள்ள ஆள் இருக்கு" என்றான் ரேடியோ. கூம்பு முனையிலிருந்து சின்னத் தும்பிக்கை மாதிரி ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும். பக்குவமா வெளிய எடுத்துக்கலாம்."

"அக்கா?"

"அக்காகிட்ட மூச்சு விடாதே."

"நான் எதுக்கு விடறேன்?"

"நீயா? நான் பிரஷர் மாத்திரைய ஜன்னல் வழியா வீசறது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... பேச்சு வாக்குல வந்துடுச்சு அத்தான்."

"உன் வயித்துல ஒரு விஷயமாவது ஒரு நாளாவது தங்கியிருக்காடா?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். ஆனால் அவன் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் காலால் மணலைக் கிளறினான். பிறகு நிமிர்ந்து, "அக்கா மேல சத்தியம். நானா வாயத் திறந்து சொல்ல மாட்டேன். போதுமா?" என்றான்.

அப்பா அம்மா இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன் அவன். அவன் அகராதியில் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சங்குக்கு இவ்வளவு பெரிய பூட்டா?

லென்ஸ் துடைக்கிற துணியில் அதைச் சுற்றி, சட்டையின் இடப்பக்கப் பையில் வைத்துக்கொண்டேன். ரேடியோ இரக்கப்பட்டு, தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டான். "எடுக்கற வரைக்குமாவது உயிரோட இருக்கட்டும், பாவம்."

சாலையில் ஏறும்போது இடது நெஞ்சில் சுருக்கென்றது.

"உங்க அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னா. புதுச் சட்டை, குண்டூசி இருக்கும், பாத்துப் போடுங்கன்னு" என்றேன். தடவிப் பார்த்தேன். ஊசி அகப்படவில்லை.

ஊசிதான், ஆனால் சட்டைக் கம்பெனிக்காரன் விட்டுப்போன ஊசி இல்லை. பையில் இருந்தது கூம்பு நத்தை என்கிற கடல் நத்தை. அதன் வாய்க்குள் ஈட்டி மாதிரி ஒரு பல் இருக்கிறது. ஊசி போட்ட மாதிரி உள்ளே ஓட்டை, அதில் விஷம். மீன் பக்கத்தில் வந்தால் ஒரே குத்து. மீனுக்குத் துடிக்கக்கூட நேரம் கிடைக்காதாம். ஓடிப் பிடிக்கத் தெரியாத ஜீவன். ஆகவே ஓடாமல் நிறுத்தி வைத்துச் சாப்பிடுகிறது. துணியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வலிகூடப் பெரிதாக இல்லை என்பதுதான்.

கடைக்கு வந்ததும் ரேடியோ தன் டிபன் டப்பாவைக் கழுவி, கடல் தண்ணீரை ஊற்றி, சங்கைத் துணியோடு அதற்குள் கவிழ்த்தான். மூடியை ஒருக்களித்து வைத்தான். நான் கடையைக் கூட்டினேன். உதடு மரத்தது. டீ சூடாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். விரல் நுனிகள் மரத்தன. துடைப்பத்தை இறுக்கிப் பிடித்திருப்பேன் என்று நினைத்தேன். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும் மூளை எனக்கு.

அப்புறம் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரி இரண்டாகப் பிரிந்தது. இதற்குத்தான் நாம் இருக்கிறோமே! ஜம்மென்று போய்ச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"டேய், எனக்குப் பவர் ஏறியிருக்கு. லென்ஸ் போட்டுப் பாரு."

ரேடியோ சோதனை ஃபிரேமை மாட்டி ஒவ்வொரு லென்ஸாக மாற்றினான்.

"இப்ப?"

"ரெண்டா தெரியுது."

"இப்ப?"

"ரெண்டு ரேடியோ தெரியுது."

"ஒண்ணுக்கே தாங்க மாட்டேங்கறீங்க."

உடம்பு முழுக்க விஷம் ஏறிக்கொண்டிருந்த வேளையில், மச்சானும் மச்சானுமாக எனக்குக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தோம். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

வாசலில் விசில் சத்தம் கேட்டது. வேகமாக நடக்கும்போது அது அவள் நெஞ்சில் மோதிக் கொஞ்சம் ஊதிக்கொள்ளும். மாணவிகளுக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடிகளை வாங்கிப் போக வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள். ரேடியோ சட்டென்று டிபன் டப்பாவைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஏங்க, கண்ணு ஏன் சொருகுது? குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றேன். "இய்ய" என்று வந்தது. அவள் குனிந்து என் வாயை முகர்ந்தாள். அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் முகத்தருகே நான் குனிந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் இவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியாது. குண்டூசியைப் பற்றிச் சொல்லலாம் என்று கையை இடது நெஞ்சில் வைத்தேன். அவ்வளவுதான்.

"நெஞ்சு வலியா? டேய், நெஞ்சு வலிடா! வண்டி பிடி!"

பக்கத்துக் கடை லாண்டரி. அதன் சொந்தக்காரர்தான் என் மூன்றாவது ஆள். எனக்கும் அவருக்கும் ஆகாது. அவர் வேனை என் முகப்புப் பெட்டிக்கு முன்னால் நிறுத்துவார், நான் முணுமுணுப்பேன், அவர் கேட்காத மாதிரி இருப்பார். அன்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேய்த்து அடுக்கியிருந்த ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஒரு கையால் ஒதுக்கி, என்னை அவற்றின் மேலேயே கிடத்தி வண்டியை எடுத்தார். அவ்வளவு சுத்தமான படுக்கையில் நான் அதற்கு முன் படுத்ததில்லை.

வேனில் போகும்போது முதலில் கழுத்து நின்றது. பிறகு கை. பிறகு இமை விழுந்தது, தூக்க முடியவில்லை. கடைசியாக, மூச்சை உள்ளே இழுக்கலாம் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தான் என்று எழுதுவார்களே, அது நான்தான். பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை. ஆனால் அந்த மாதிரி கிடப்பவன் நினைவிழந்திருப்பான் என்று யார் சொன்னது? எனக்கு எல்லாம் கேட்டது. விரிப்பின் கஞ்சி மணம் கேட்டது என்றுகூடச் சொல்வேன்.

"மூச்சு நின்னுடுச்சு" என்றாள் அவள். அந்தக் குரல் எனக்குப் புதிது. குளத்தில் கேட்காத குரல். அடுத்த கணம் என் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, தன் வாயை என் வாய் மேல் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பியது. யாருடைய காற்றோ என் வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனது போல இருந்தது.

என் மனைவி மூச்சு விடாமல் பேசுகிறவள் என்று நான் ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். அன்று மூச்சும் விட்டாள், பேசவும் செய்தாள்.

"மாத்திரை போடுங்கன்னு சொன்னா..." ஊதல். "ஜன்னல் வழியா வீசறது..." ஊதல். "யோவ், காது கேக்குதாய்யா?" ஊதல். "அந்தப் பெரிய சங்கு காணாமப் போச்சுன்னு தேடினீங்களே..." ஊதல். "நான்தான் குப்பையில போட்டேன்..." ஊதல். "எழுந்திரிச்சுத் திட்டுங்க..." ஊதல். ஊதல். பிறகு வெகுநேரம் வெறும் ஊதல். பிறகு, புதிதாகக் குளத்தில் இறங்கி நடுங்குகிறவர்களிடம் சொல்வாளே, அந்தத் தொனியில்: "பயப்படாதீங்க. உடம்பத் தளர விடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அம்மா தாயே, இதற்கு மேல் தளர விட என்னிடம் எதுவும் இல்லையே! வாழ்க்கையில் முதல் தடவையாக நீ சொன்ன மாதிரியே செய்திருக்கிறேன், கவனி என்று கத்தினேன். உள்ளுக்குள்தான்.

நெஞ்சைத் தேய்த்துவிடுவதற்காக அவள் என் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தாள். அதுவரை "அத்தான், அத்தான்" என்று அலறிக்கொண்டிருந்த ரேடியோ, திடீரென்று ஓய்ந்தான். இடது நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்ததாம். சுற்றிலும் நீலம் பாரித்திருந்ததாம். பையில் எது இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவன். புள்ளியைப் பார்த்தான். மடியிலிருந்த டிபன் டப்பாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"என்னடா ஊமையாயிட்ட? அந்த டப்பாவத் தூக்கிப் போடு! மனுஷன் இங்க மூச்சில்லாம கிடக்கறாரு, உனக்கு டிபன் டப்பா கேக்குதா?"

அவன் டப்பாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

பக்கத்திலிருந்த சின்ன மருத்துவமனையில் பணியில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. அவர்தான் நாலாவது ஆள். என் முகத்தில் ரப்பர் முகமூடி ஒன்றை அழுத்தி, அதோடு சேர்ந்த பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பினார். நாடி பார்த்தார். என் இமைகளைத் தூக்கி டார்ச் அடித்தார். எனக்கு இரண்டு டார்ச்சும் இரண்டு டாக்டரும் தெரிந்தார்கள். இரண்டு பேர் முகமும் சரியாக இல்லை.

"இதயம் நல்லா அடிக்குது. ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியல" என்றார். "ஆனா கண்மணி வெளிச்சத்துக்கு அசையவே இல்ல. தானா மூச்சும் இல்ல. மூளைக்குள்ள பெருசா ரத்தம் கசிஞ்சிருக்கும்னு நினைக்கறேன்."

"அப்படின்னா?"

"பெரிய ஆஸ்பத்திரி ரொம்பத் தூரம். அங்க கொண்டு போய் மிஷின்ல போட்டாலும்... மூளை போயிருந்தா அப்புறம் பிரயோஜனம் இல்லம்மா. வர வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். காட்டிய அடையாளங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஆனால் அந்தப் பையை அமுக்குகிற கை ஒரு நொடி தயங்கியதை என் நெஞ்சு உணர்ந்தது. அடுத்த காற்று வரக் கொஞ்சம் தாமதமானது. நான் இருக்கிறேன், நான் இங்கேதான் இருக்கிறேன், மூளை அப்படியொன்றும் பிரமாதமாக இருந்ததில்லை, ஆனால் இருக்கிறது என்று எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவும் கத்தினேன். ஒரு முடி அசையவில்லை.

"அவர் போகல" என்றாள் என் மனைவி. "எனக்குத் தெரியும். நான் ஊதும்போது... எனக்குத் தெரியும் டாக்டர். குடுத்துக்கிட்டே இருங்க. உங்களால முடியலன்னா தள்ளுங்க, நான் குடுக்கறேன்."

இப்போது ரேடியோவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாயைத் திறந்தால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும். திறக்காவிட்டால் அத்தான் போய்விடுவான். நாற்பது வருஷமாக ஒரு ரகசியத்தையும் காப்பாற்றாதவன், காப்பாற்றக்கூடாத ஒரே ரகசியத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறான். என் உயிரைக் கொடுத்து.

அப்போதுதான் அவனுக்குச் சத்தியத்தின் வாசகம் ஞாபகம் வந்திருக்கிறது. நானா வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னோம்? கை வாயில்லையே! கன்னத்தை உப்ப வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டாக்டரின் மேஜைக்கு நடந்தான். டப்பாவை நடுவில் வைத்தான். மூடியைத் திறந்தான். என் நெஞ்சுப் புள்ளியைக் காட்டினான். டப்பாவைக் காட்டினான். மறுபடி புள்ளி. மறுபடி டப்பா.

"என்னடா பண்ற? வாயத் திறந்து சொல்லித் தொலையேண்டா!"

அவன் உதட்டை மடித்துக்கொண்டு தலையை வேகமாக ஆட்டினான். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டதாம்.

டாக்டரம்மா முகமூடியை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு மேஜைக்கு வந்து எட்டிப் பார்த்தார். வலை போட்ட ஓடு. அதன் முனையில் சின்னத் தும்பிக்கை, எதையோ தேடிக்கொண்டு. "சங்கா?" என்று இரண்டு விரலை உள்ளே விட்டார்.

"தொடாதீங்க!" என்று ஒரு சத்தம். சாலையில் நின்ற லாண்டரிக்காரருக்கே கேட்டதாம். "தொடாதீங்க டாக்டர், அதுதான் அத்தானக் குத்திடுச்சு! உயிரோட இருக்கு! சட்டைப் பையில வச்சாரு, சுருக்குன்னுச்சு, குண்டூசின்னாரு, ரெண்டா தெரியுதுன்னாரு, நாங்க லென்ஸ் மாத்தினோம், அக்காகிட்ட மூச்சு விடாதேன்னாரு, நான் சத்தியம் பண்ணிட்டேன்..."

ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. என் வாழ்நாளில் அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

"யார் மேல சத்தியம்?" என்றாள் என் மனைவி, பையை அமுக்குவதை நிறுத்தாமல்.

"உன் மேலக்கா. உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஏண்டா, உன் மேல பண்ணிக்கிட்டா வலிக்குமா?"

டாக்டரம்மா அதற்குள் செல்போனில் படம் தேடி, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த தன் ஆசிரியருக்குப் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார்... கூம்பு மாதிரி... வலைக்கோடு... மூச்சு மட்டும்தான் சார், நாடி நல்லா இருக்கு..." பேசி முடித்துவிட்டு அவர் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எல்லோரையும் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். காதருகே குனிந்தார்.

"சார், நீங்க முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு நினைக்கறேன். நாங்க பேசறது கேக்கும். இந்த விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது. ஆனா அது தானா எறங்கிடும். எறங்கற வரைக்கும் உங்களுக்குப் பதிலா நாங்க மூச்சு விடறோம். நான் முன்னாடி சொன்னதுக்கு மன்னிச்சிக்குங்க. கண்ணு காஞ்சு போகாம இருக்க சொட்டு மருந்து விடறேன்."

என் கண்ணில் இரண்டு சொட்டு விட்டு, இமையை இறக்கி, மெல்லிய ஒட்டுத் துணி போட்டு மூடினார். ஊரார் கண்ணை நான் பார்த்துக்கொண்டேன். என் கண்ணை ஒருத்தர் இப்படிப் பார்த்துக்கொண்டார். அழ முடிந்திருந்தால் அந்தச் சொட்டு மருந்துக்கு வேலையே இருந்திருக்காது.

"கேக்கும்னா... எல்லாமா கேக்கும்?" என்றாள் என் மனைவி.

"எல்லாம்."

அவள் கையில் பை இரண்டு தடவை அமுங்கியது.

"வேன்ல பேசினதுமா?"

"அதுவும்தான்."

"கேக்கட்டும்" என்றாள். "அந்தச் சங்கப் பத்தி நான் சொன்னத மட்டும் மறந்துடச் சொல்லுங்க."

ஆம்புலன்ஸில் டாக்டரம்மாவே ஏறிக்கொண்டார். கை மாற்றிக் கை மாற்றிப் பையை அமுக்கினார்கள். அவருக்குக் கை ஓய்ந்தால் என் மனைவி. அவளுக்கு ஓய்ந்தால் ரேடியோ. ரேடியோவின் முறை வரும்போது எனக்கு உடனே தெரிந்துவிடும். வெளியே என்ன கடை, எந்த வளைவு, எதிரே வருகிற லாரியில் என்ன சுமை, எல்லாம் வர்ணனையோடு வரும். "அத்தான், லாண்டரிக்காரர் பின்னாடியே வர்றாரு அத்தான். ஹோட்டல்காரன் விரிப்பு கேட்டு போன் மேல போன் அடிக்கறானாம், எடுக்கவே இல்லயாம்." இருட்டுக்குள் கிடந்தவனுக்கு அவன் ஜன்னலாக இருந்தான். வாயை மூடு என்று எத்தனை தடவை அவனிடம் சொல்லியிருப்பேன்! அந்தச் சாலை முழுக்க, நிறுத்திவிடாதேடா, நிறுத்திவிடாதேடா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மிஷின் என்னை ஏற்றுக்கொண்டது. அது திட்டாமல் மூச்சுக் கொடுத்தது. சௌகரியம்தான், ஆனால் ருசி இல்லை.

அந்த நத்தையை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்ததாம். நசுக்கிப் போடச் சொன்னவர்களும் உண்டு. ரேடியோ ஒப்புக்கொள்ளவில்லை. கல் இடுக்கில் தன் பாட்டுக்கு இருந்ததைத் துணியில் சுற்றிப் பையில் போட்டால் அது வேறு என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறான். டப்பாவோடு கொண்டு போய், நீளமான இடுக்கியால் அதைப் பிடித்து, எடுத்த குட்டையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். இதை எனக்குச் சொன்னபோது நான் இன்னும் கண் திறக்கவில்லை. நான் அன்றைக்கு அதை வெளியே எடுக்க நினைத்த பக்குவத்தை யோசித்தால், நத்தை, நான் இருவரில் யார் யாரிடம் தப்பித்தது என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை.

விஷம் டாக்டரம்மா சொன்ன மாதிரியே இறங்கியது. முதலில் கால் கட்டைவிரல். அதை அசைத்துவிட்டு, சபையில் பாடி முடித்தவன் போலக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன், யாரும் கவனிக்கவில்லை. பிறகு இமை. பிறகு மிஷின் தள்ளுகிற காற்றோடு என் நெஞ்சு மல்லுக்கட்ட ஆரம்பித்தது. நர்ஸ் அதைப் பார்த்துச் சிரித்தார். "சண்டை போடறாரு. நல்லது. குழாய எடுத்துடலாம்."

எடுத்தார்கள். தொண்டை ரணமாக எரிந்தது. "இழுங்க" என்றார் நர்ஸ். இழுத்தேன். "விடுங்க." விட்டேன். பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்த வேலை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாருக்கும் நன்றி சொன்னதுமில்லை. இப்போது ஒவ்வொன்றும் பரீட்சை மாதிரி இருந்தது. அடுத்தது வருமா? வந்தது. அதற்கடுத்தது? அதுவும் வந்தது.

அறைக்கு வெளியே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். உள்ளே வர இன்னும் அனுமதி இல்லை. உதடு இரண்டும் வெடித்து, வீங்கி, தோல் உரிந்திருந்தது. விசிலைக் காணோம். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறபோது தாயின் வாயும் சேர்ந்து திறக்குமே, அந்த மாதிரி, நான் ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் அவள் வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் செய்வது அவளுக்கே தெரியவில்லை. தடுப்பின் மேல் வட்டமாகப் பனி படர்ந்தது, மறைந்தது, மறுபடி படர்ந்தது.

எனக்கு ஒன்றும் இல்லை, நானே விடுகிறேன், போதும் என்று சைகை காட்ட நினைத்தேன். கையும் அந்த அளவுக்குத் தூக்க வந்துவிட்டது. காட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கட்டுமே என்று, அவள் ஊத ஊத வாங்கிக்கொண்டேன்.